கல்லு வெச்சாச்சு

மோட்டார் சைக்கிளுக்குக் கை பிரேக் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இரண்டு சக்கர வண்டிக்கு ஸ்டாண்டு போதும். எங்களுடையது மூன்று சக்கரம். முன்பாதி சாதாரண மோட்டார் சைக்கிள், பின்பாதி தண்ணீர் கேன் அடுக்குகிற இரும்புத் தட்டு. அதற்கு ஸ்டாண்டு கிடையாது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு அதை மேலே இழுத்துவிட வேண்டும். இழுக்கும்போது உள்ளே பல் சக்கரம் டக் டக் என்று ஏறும். நான்காவது ஐந்தாவது டக்கில் பிடித்துவிட்டால் நல்ல பிரேக்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த லீவரை இழுத்துப் பார்த்தபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். கடைசிப் பல் வரை அது சும்மா வந்தது. "பழைய கோளாறு. தெருவே சொல்லுது. இத வெச்சுக்கிட்டு எப்படிய்யா ஃபுல் லோடு ஏத்தின?" என்று அண்ணனைக் கேட்டீர்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேஸ் அவன் பேரில்தான் வரும், லைசென்ஸும் போகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். போகிற போக்கில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை. ஆட்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுத வரும். அதனால் எழுதித் தருகிறேன். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் எழுதினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். படிப்பு வராமல் இல்லை. காலையில் டீச்சர் பேர் கூப்பிடும்போது எழுந்து பதில் சொல்ல வேண்டும். எனக்கு வாய் திறக்கும், சத்தம் வராது. டீச்சர் ஒரு முறை பார்ப்பார், அடுத்த பேருக்குப் போய்விடுவார். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நான் பாதி நாள் பள்ளிக்கு வராதவளாக இருந்தேன். ஒரு நாள் நிஜமாகவே போகவில்லை. பதிவேட்டில் வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அண்ணனும் நானும்தான். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "சரி பாப்பா, வீட்ல இரு. கேன் கழுவ எனக்கும் ஆள் வேணும்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் விடியும் முன்னால் கழுவிய கேன்களைத் தண்ணீர் கம்பெனிக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வருவான். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பிறகு தெருத்தெருவாகப் போட்டுவிட்டு, காலிக் கேன்களோடு சாயங்காலம் திரும்புவான். அந்தக் காலிக் கேன்களை மறுநாள் காலையில் குழாயடியில் வைத்துக் கழுவ வேண்டும். கழுத்துக்குள் கை போகாது. வளைந்த பிரஷ் இருக்கிறது.

எங்கள் வாசலை நீங்கள் பார்த்தீர்கள். கேட் மேலே தெருவோடு இருக்கிறது, வீடு கீழே பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் சிமெண்ட் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் குழாயடி, அதற்குப் பின்னால் சுவர். தெரு குறுகல் என்பதால் வண்டியை வெளியே விட முடியாது. பின்னால் வருகிறவன் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டான். அதனால் அண்ணன் வண்டியை ரிவர்ஸில் கேட்டுக்குள் இறக்கி, சரிவின் உச்சியில் நிறுத்துவான். வண்டியின் முகம் தெருவைப் பார்த்திருக்கும், முதுகு எங்களைப் பார்த்திருக்கும்.

அந்தக் கை பிரேக் வாங்கிய புதிதில் பிடித்திருக்கலாம். எனக்கு நினைவு தெரிந்து அது பிடித்ததில்லை. அதற்குப் பதிலாகத்தான் கல். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கருங்கல். அண்ணன் வண்டியை இறக்கிவிட்டு, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே "கல்லு" என்பான். நான் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளிவிட்டு "வெச்சாச்சு" என்பேன். என் குரல் கேட்ட பிறகுதான் அவன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். ஒரு நாள்கூட அவன் திரும்பிப் பார்த்துச் சரிபார்த்ததில்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு நாளில் நான் உரக்கச் சொல்கிற வார்த்தை அது ஒன்றுதான். அது எனக்கு வரும். அண்ணன் முதுகைப் பார்த்துச் சொல்வதால் வந்திருக்கலாம். பஞ்சர் கடைக்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கிண்டல் செய்வார். "ஏம்பா, உன் வண்டிக்கு பிரேக்கு கல்லா, தங்கச்சியா?"

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வந்த மறுநாள் காலை இதைக் கேட்டுவிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, அட்டெண்டன்ஸா?"

அண்ணன் சிரித்தான். எனக்கு முகம் சுருங்கியது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கோச்சுக்காத. நேத்துலருந்து உன் வாயப் பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் குரல் கேட்டேன். நல்ல குரல்" என்றாள். அன்றிலிருந்து என்னை முயல் என்று கூப்பிட ஆரம்பித்தாள். "முயலே, சோப்பு எடு. முயலே, இந்தக் கேனுக்குள்ள எவனோ எறும்புப் பண்ணை வெச்சிருக்கான், வந்து பாரு." தனக்குத்தானே பேசிக்கொண்டே இருப்பாள், என் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். "சாப்பிட்டியா? சாப்பிட்டேன் அண்ணி. என்ன சாப்பிட்ட? உங்க சமையல்தான் அண்ணி, வேற வழி?" பதில் சொல்லாமல் இருப்பது அவளிடம் மட்டும்தான் குற்றமாகத் தெரிந்ததில்லை. அண்ணியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளைப் போல என்னிடம் யாரும் இருந்ததில்லை.

நான்கு மாதம் முன்னால் ஒரு நாள் சரிவில் சோப்புத் தண்ணீர் ஓடியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் வைத்த கல் வழுக்கியது. வண்டி ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"பிரேக்க ரிப்பேர் பண்ணுங்க."

"நாளைக்குப் பாக்கறேன்."

"உங்க நாளைக்கு எந்தக் காலண்டர்ல வருது? கொஞ்சம் காட்டுங்க, நானும் கிழிச்சிக்கறேன்."

"வண்டிய ஒரு நாள் நிறுத்தினா வாடிக்கை லைன் போயிடும்மா."

"கல்லு வழுக்கினா நான் போயிடுவேன், பரவால்லையா?"

அவர்கள் சண்டை எப்போதும் இப்படித்தான், கடைசியில் இருவரும் சிரித்துவிடுவார்கள். எனக்கு அது தாங்கவில்லை. சாயங்காலம் அண்ணன் தூங்கும்போது பஞ்சர் கடைக்காரரிடம் போய் நின்றேன். என்ன வேண்டும் என்று அவரே ஊகித்து இரண்டு ஸ்பேனர் கொடுத்தார். வண்டிக்கு அடியில் சேறு கழுவி கழுவி எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். லீவரிலிருந்து வரும் கேபிள் ஒரு மரைக்கம்பியில், திருகு போல வரி வெட்டிய கம்பியில், முடிகிறது. அதில் இரண்டு நட்டு. ஒன்று கேபிளை இழுத்துப் பிடிக்க, இன்னொன்று அதை நகராமல் பூட்ட. இரண்டும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பூட்டு நட்டைத் தளர்த்தினேன். மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததும் நிறுத்தி, கால் சுற்று பின்னால் விட்டேன். அதிகம் முறுக்கினால் ஓடும்போதும் பிரேக் பிடித்துக்கொண்டு சூடாகிவிடும். லீவரை இழுத்தேன். நான்காவது டக்கில் நின்றது. அந்த நட்டு முன்பு இருந்த இடம் கம்பியில் துருவாக, வளையம் போட்ட மாதிரித் தெரிந்தது. அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை அண்ணன் "கல்லு" என்றான். நான் நகரவில்லை. லீவரைக் காட்டினேன். அவன் இழுத்துவிட்டு, பயந்து பயந்து காலை எடுத்தான். முழு லோடு. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. அண்ணி வந்து தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அண்ணனையும் தள்ளச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தாள்.

"ஏய் முயலு. நீயா?"

தலையாட்டினேன்.

"பாத்துக்கோங்க" என்று அண்ணனிடம் காட்டினாள். "உங்க நாளைக்கு இவ கையில இருந்திருக்கு."

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

கல்லுக்கு வேலை போய்விட்டது. அண்ணி அதைக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு வந்து, மேலே சாக்கை மடித்துப் போட்டு, உட்கார்ந்து கேன் கழுவ ஆசனமாக்கிக்கொண்டாள். "எவ்வளவு நாள் வண்டியத் தாங்குச்சு. இனி என்னைத் தாங்கட்டும்." சரிவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருவாள், குழாய் அந்தப் பக்கம் இருப்பதால். எனக்கு வார்த்தை போய்விட்டது. அண்ணி அதையும் கவனித்தாள். அவளுக்கு எதுவும் தப்பாது. அதற்காகவே தினமும் காலையில், கேன் கழுவிக்கொண்டே, திரும்பாமல் விளையாட்டுக்குக் கூப்பிடுவாள்: "முயலே, கல்லு?" நான் சொல்ல மாட்டேன். கல் அவள் உட்கார்ந்திருக்கும் கல்தானே, என்ன சொல்வது? "பாரு, துருப்பிடிக்குது குரல்" என்பாள்.

பிறகுதான் அந்தப் படிப்பு வந்தது.

நகரத்தில் பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறதாம். வண்டி மெக்கானிக் படிப்பு. எட்டு முடித்திருந்தால் போதும். விடுதி உண்டு. அண்ணிக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அன்று சாயங்காலம் அடுப்பை அணைக்காமலே ஓடி வந்து சொன்னாள்.

"மூணு பேர் உக்காந்து நாலு கேள்வி கேப்பாங்களாம். அவ்வளவுதான். நீ பிரேக்கு சரி பண்ண கதைய சொன்னா எழுந்து நின்னு எடுத்துக்குவாங்க."

மூன்று பேர். நான்கு கேள்வி. எழுந்து நின்று. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தேன்.

அண்ணி என்னைக் கேட்காமல் செய்தாள் என்று சொல்லமாட்டேன். கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். ஒரு முறை என் தாடையைத் தூக்கிப் பிடித்து, "வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன். உங்க அண்ணன் கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். மூன்று எழுத்து. அவள் கண் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. நான் தலையாட்டினேன். சரி என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் வேணாம் வேணாம் என்று சொல்லிப் பழகினேன். தண்ணீரை நிறுத்தினால் வார்த்தையும் நின்றுவிடும்.

யோசித்துப் பார்த்தேன். இவ்வளவும் எதனால் வந்தது? பிரேக்கை நான் நன்றாகச் சரிசெய்ததால் வந்தது. அந்த வேலை நல்ல வேலை இல்லை என்று தெரிந்துவிட்டால் அண்ணியே விட்டுவிடுவாள். "பாவம், முயலுக்கு அந்த அளவுக்கு வராது" என்பாள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. நான் ஒன்றும் பேச வேண்டியதும் இல்லை. இப்போது எழுதும்போதும் இந்த யோசனையில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் நட்டை ஒரு சுற்று தளர்த்தினேன். லீவர் ஆறாவது டக்குக்குப் போனது. அண்ணன் கவனிக்கவில்லை. கை தானாக இன்னும் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து இன்னும் இரண்டு சுற்று. அன்றைக்கு அண்ணன் இறங்கியதும் வண்டி லேசாக முனகி நகர்ந்தது. அண்ணன் தாவி லீவரைப் பிடித்து முழுதாக இழுத்தான். நான் காத்திருந்தேன். இப்போது திட்டுவான், அண்ணி கேட்பாள், முடிந்துவிடும் என்று. அவன் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே வந்தான்.

"கேபிள் இழுபட்டிருக்கு பாப்பா. செட் ஆக கொஞ்ச நாள் ஆகும். அண்ணிகிட்ட சொல்லாத, வீணா உன்னைய சொல்லுவா."

என் அண்ணன் என்னை விட்டுக்கொடுக்க மாட்டான் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவன் நல்லவனாக இருந்ததால் விஷயம் தள்ளிப்போனது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. நடந்தது அதுதான்.

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அண்ணி எனக்கு ஒரு சுடிதார் தைக்கக் கொடுத்து வாங்கி வந்திருந்தாள். அடர் நீலம். "கிரீஸ் பட்டாலும் தெரியாது, யோசிச்சு எடுத்தேன்" என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டுக்கொண்டு நின்றேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இனி நம்ம வீட்டு மெக்கானிக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் பாக்கணும்" என்றான். அண்ணி கை தட்டிச் சிரித்தாள். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அந்த நேரத்தில் என் வயிற்றுக்குள் பழைய வகுப்பறை முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மாலை பஸ்.

விபத்துக்கு முந்தின சாயங்காலம் அது. அண்ணன் பஸ் நேரம் விசாரிக்கப் போயிருந்தான். அண்ணி என் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் வண்டிக்கு அடியில் போனேன். நட்டைப் பின்னால் திருகி, கம்பியில் பழைய துரு வளையம் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு மயிரிழை அதிகம் இல்லை, குறைவு இல்லை. பூட்டு நட்டை இறுக்கமாகப் பூட்டினேன். லோடு இல்லாத வண்டி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதனால்தான் நீங்கள் பழைய கோளாறு என்றீர்கள். நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. நான் புதிதாக எதையும் கெடுக்கவில்லை. என்னைக் கேட்டால், நான் செய்ததை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் இருந்த மாதிரி வைத்தேன். கல்லை மட்டும் வைக்கவில்லை.

வண்டி உருண்டு சுவரில் மோதும், கேன் உடையும், என் வேலை வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மனதில் இருந்தது வண்டிதான். இதை நான் பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

காலையில் அண்ணன் முழு லோடோடு வந்தான். வண்டியை இறக்கினான். லீவரை இழுத்தான். அது கடைசி வரை வந்தது. கேட்டுக்குக் கீழே சிமெண்டில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. பின்சக்கரம் அதில் உட்கார்ந்ததால் வண்டி நின்றது. அவன் லீவரை ஒரு முறை பார்த்தான், வீட்டைப் பார்த்தான், உள்ளே சாப்பிடப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது இதைத்தான்: "லீவர் சும்மா மேல வந்துச்சு. தெரிஞ்சுது. சாப்ட்டுட்டுப் பாக்கலாம்னு போயிட்டேன்." தப்பு தன்னுடையது என்று அவன் நினைப்பதற்கு அவனுக்கு அந்த ஒரு வாய்ச் சாப்பாடு போதுமாக இருக்கிறது.

அண்ணி குழாயடியில் இருந்தாள். பிரஷ் சத்தம் கேட்டது.

தினமும் வீட்டுச் செலவுக்கு ஒரு கேனை வண்டியிலிருந்து நான்தான் இறக்குவேன். அன்றைக்கும் இறக்கினேன். எப்போதும் இறக்குவதைப் போலத்தான். கனமான கேனைத் தட்டின் விளிம்புக்கு இழுத்தால் வண்டி ஒரு ஆட்டம் ஆடும். எப்போதும் ஆடும். சக்கரம் குழியின் விளிம்பில் ஏறியது. ஒரு நொடி அங்கேயே யோசிக்கிற மாதிரி நின்றது. பிறகு என்னைத் தாண்டி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. எவ்வளவு மெதுவாக என்றால், நான் கையிலிருந்த கேனைத் தரையில் சாயாமல் நிறுத்தி வைத்தேன்.

கேன்கள் ஒன்றோடொன்று முட்டிக் கடகடத்தன. அண்ணி பிரஷை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"முயலே, கல்லு?"

"வெச்சாச்சு."

நான் உரக்கத்தான் சொன்னேன். அண்ணி சிரித்தாள். அவள் உட்கார்ந்திருப்பதே அந்தக் கல்லின் மேல். நான் முதன்முதலாக அவளோடு சேர்ந்து விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் தோள் குலுங்கியது. பிரஷ் மறுபடியும் கேனுக்குள் போனது.

மீதியை நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். அண்ணன் எச்சில் கையோடு ஓடி வந்தான். தெருவே சேர்ந்து வண்டியைத் தூக்கியது. கல் இருந்ததால்தான் உயிர் தப்பியது, சக்கரம் அதில் முட்டி நின்றது என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னார். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் குற்றவாளிகள். அண்ணன் தன் தப்பு என்கிறான். பஞ்சர் கடைக்காரர், ஸ்பேனரைக் கொடுத்தவன் கூட வந்து ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா என்று தன் கடை வாசலில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அண்ணி மயக்கம் தெளிந்ததும் உங்கள் ஆளிடம், "கல்ல நான்தான் எடுத்து உக்காந்துக்கிட்டேன். யார் மேலயும் தப்பில்ல" என்று சொல்லியிருக்கிறாள். உங்களுடைய அந்த ஒரு கேள்வியைத் தவிர, என்னை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நேற்று நீங்கள் அண்ணனிடம், "ரிப்பேரே பண்ணலையா?" என்று கேட்டீர்கள். அவன், "பண்ணோம் சார், எங்க..." என்று ஆரம்பித்தான். அப்போது கதவோரம் என்னைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். "இல்ல சார். பண்ணல. நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்" என்றான். என் வேலை சரியில்லாமல் போனதென்று அவன் நம்புகிறான். அது வெளியே தெரியக் கூடாது என்று பொய் சொன்னான். நான் விரும்பியது அதுதானே, என் வேலை நல்ல வேலை இல்லை என்று ஒருவர் நம்புவது. கிடைத்துவிட்டது. அந்தப் பொய்க்குத்தான் நீங்கள் அவன் மேல் கேஸ் எழுதப்போகிறீர்கள். எழுதாதீர்கள். கை பிரேக் நான்கு மாதம் முன்பு சரியாக இருந்தது. பஞ்சர் கடைக்காரரைக் கேளுங்கள். மரைக்கம்பியில் துருவைத் தாண்டி உள்ளே பாருங்கள், நட்டு ஏறி இறங்கிய பளபளப்பு புதிதாக இருக்கும்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டி என் விரலைப் பிடித்தாள். குரல் காற்றாக வந்தது.

"நீ வெச்சாச்சுன்னு சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல. பழக்கத்துல சொல்லிட்ட. எனக்குத் தெரியாதா? அத நெனச்சு நெனச்சு உள்ளயே வெச்சுக்காத." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அடுத்த வருஷமும் கேப்பாங்களாம். நீல சுடிதார் இருக்குல்ல, பத்திரமா வை."

நான் தலையாட்டினேன்.

பழக்கம் என்று அவள் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசானது. ஆமாம், பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை வருடம் கல்லு என்றால் வெச்சாச்சு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ராத்திரி அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து குழாயடியைக் கழுவப் போனபோதுதான் உங்கள் கேள்வி ஞாபகம் வந்தது.

"சுவரோரமா வட்ட வட்டமா பாசித் தடம் இருக்கே, அங்க என்னம்மா இருந்துச்சு?"

செடிகள் ஐயா. உடைந்த கேன்களைப் பாதியாக வெட்டி, மண் போட்டு நான் வளர்க்கும் செடிகள். வருடக்கணக்காக அங்கேதான், அந்தச் சுவரோரம்தான், குழாயில் சிந்துகிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தன. முந்தின சாயங்காலம் ஸ்பேனரைத் துடைத்து வைத்த பிறகு, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. சிந்திய மண்ணைக் கூட்டி அள்ளினேன். பிறகு, காலையில் அண்ணி உட்கார வசதியாக, கல்லின் மேல் சாக்கை மடித்துப் போட்டேன்.